ஊழியக் குடும்பத்தில் ஒரு சின்னக் குழந்தை: புதிதாய்த் தொடங்குகிறவர்களுக்கு

என் மகனுக்கு மூன்று வயது நடந்தபோது ஒரு விளையாட்டு வைத்திருந்தான். கிறிஸ்தவ சபைப் போதகரான அப்பாவின் பழைய பையைத் தோளில் மாட்டிக்கொள்வான். ஒரு மரக்கட்டையைக் காதில் வைத்து, "ஆமாங்க, ஜெபிச்சுக்கலாம், இதோ வந்துட்டேன்" என்பான். செருப்பைத் தேடுவான். என் கன்னத்தில் அவசரமாய் ஒரு முத்தம். கதவைத் தாண்டிப் போய் வெளியே நின்றுகொள்வான். அவ்வளவுதான் விளையாட்டு. திரும்பி வருகிற காட்சி அதில் கிடையாது. "சரி, அப்பா எப்போ வீட்டுக்கு வருவார்?" என்று கேட்டால், "நீ தூங்கிட்ட" என்பான்.

அப்போது சிரித்துவிட்டேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை, நேரம்தான் இடித்தது. சபை கண் விழிப்பதே மாலை ஆறரைக்கு. வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பிய பிறகுதான் ஜெபக்கூட்டமும் வேதபாடமும் பாடகர் குழுப் பயிற்சியும் வீட்டுச் சந்திப்பும் நடக்க முடியும். குழந்தைக்கோ அதுதான் நாள் முடிகிற நேரம். நான் கீழே எழுதியிருப்பது எல்லாமே இந்த ஒரு இடைஞ்சலைச் சுற்றித்தான். போதகர் குடும்பங்களை மனதில் வைத்து எழுதினாலும், ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்கள், இசைக்குழுவில் இருக்கிறவர்கள், சபையை நடத்த உதவும் மூப்பர் பொறுப்பில் இருக்கிறவர்கள் என்று கைக்குழந்தையோடு சபை வேலையில் ஓடுகிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு வாரத்தை எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு பெரிய தாளை எடுங்கள். ஏழு நாளுக்கும் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் குழந்தையின் தூக்கத்தை எழுதுங்கள். சபை நிகழ்ச்சிகளை அப்புறம் எழுதலாம். இந்த வரிசை முக்கியம். எங்கள் முதல் தாளில் சபையை முதலில் எழுதினோம், குழந்தைக்கு மிஞ்சியது ஓரத்து இடம்தான்.

தூக்கக் கணக்கு உத்தேசமாய்த் தெரிந்திருக்க வேண்டும். நான்கு மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஒரு நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம், ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 11 முதல் 14, மூன்றிலிருந்து ஐந்து வயது வரை 10 முதல் 13. பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. காலை ஆறரைக்கு எழுந்து, பகலில் ஒரு மணி நேரம் தூங்குகிற மூன்று வயதுக் குழந்தை இரவு ஒன்பதரைக்குள் தூங்கினால்தான் குறைந்த அளவான பத்து மணி நேரமாவது வரும். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிற கூட்டத்துக்குப் பிறகு, பேசி முடித்து, வீடு வந்து, உடை மாற்றிப் படுக்க வைக்க பத்தரை ஆகிவிடும். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. எங்கள் தாளில் வாரத்துக்கு நான்கு நாள் அப்படி இருந்தது. "ஏன் இவன் எல்லாத்துக்கும் அழறான்?" என்று நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் அந்தத் தாளிலேயே இருந்தது.

இடிக்கிற இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அங்கே என்ன செய்வது என்பதுதான் மீதிக் கதை.

ஒருவர் போனால் ஒருவர் வீட்டில்

சிவப்பு வட்டம் விழுந்த ஒவ்வொரு மாலைக்கும், இருவரில் யார் போகிறார், யார் குழந்தையோடு இருக்கிறார் என்று பெயர் எழுதுங்கள். "பார்த்துக்கலாம்" என்று விட்டால் இருவரும் போவீர்கள், குழந்தை இடுப்பில் தொங்கிக்கொண்டு வரும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். பெயர் எழுதும்போது "வீட்டில்" என்ற பக்கத்தில் எப்போதும் மனைவியின் பெயர்தான் விழும். அப்படியே விட்டுவிடாதீர்கள். வாரத்தில் ஒரு மாலையாவது அப்பா வீட்டில் இருந்து, குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, தூங்க வைக்க வேண்டும். அந்த மாலை வேதபாடத்தை வேறொருவர் எடுக்கட்டும். அப்படி எடுக்க ஆள் இல்லை என்றால், அது குழந்தையால் வந்த பிரச்சினை கிடையாது. ஆளைப் பழக்காமல் விட்டிருக்கிறோம்.

வேதாகமத்தில் யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை தலைமைத்துவப் பாடமாகக் கேட்டிருக்கிறேன். ஆயிரம் பேருக்கு ஒரு தலைவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடு என்று மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்ன இடம். ஆனால் அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. எத்திரோ அங்கே வந்ததே, தன்னிடம் அனுப்பப்பட்டிருந்த மோசேயின் மனைவி சிப்போராளையும், பிள்ளைகள் கெர்சோமையும் எலியேசரையும் கூட்டிக்கொண்டுதான். மறுநாள் காலை முதல் சாயங்காலம் வரை மருமகன் ஜனங்களுக்கு நியாயம் விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் மாமனார் வாயைத் திறந்தார். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட கையோடு சொன்ன புத்தி அது.

சபைக்கு இதை எப்படிச் சொல்வது? நீங்களே மேடையில் நின்று விளக்கினால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். மூப்பர்களோடு முதலில் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம் அவர்களில் ஒருவர் அறிவிப்பு நேரத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும்: "வியாழக்கிழமை வேதபாடம் இனி மூப்பர் குழு நடத்தும். போதகர் அன்று மாலை குடும்பத்தோடு இருப்பார்." காரணம் நீளமாகச் சொல்ல வேண்டாம். எப்படியும் நாலு பேர் "பாஸ்டரம்மா எங்க, இன்னைக்கும் வரலையா?" என்று கேட்பார்கள். "குழந்தை தூங்குற நேரங்க" என்பது போதுமான பதில். மூன்று மாதம் கழித்துக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

தனியாய்க் குழந்தையை வளர்த்துக்கொண்டு ஊழியம் செய்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு நடக்காது. அவர்கள் மாலைக் கூட்டத்தைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் நான் கண்டவரை நன்றாக நடக்கிறது. குழந்தை உள்ளறையில் தன் படுக்கையில் தூங்கும், நீங்கள் முன்னறையில் இருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை

இதற்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் ஓய்வு நாள், நமக்கு மட்டும் வேலை நாள்.

ஞாயிறு, சனிக்கிழமை மாலையே தொடங்குகிறது. குழந்தையின் உடை, மாற்றுடை இரண்டு, தண்ணீர் பாட்டில், சத்தம் வராத இரண்டு மூன்று விளையாட்டுப் பொருள், துடைக்கிற துணி, ஒரு மெல்லிய போர்வை. எல்லாம் ஒரே பையில் போட்டுக் கதவுப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அந்தப் பையில் உள்ள விளையாட்டுப் பொருள் ஞாயிறு தவிர வேறு நாளில் வெளியே வரக் கூடாது. பழகிப்போன பொம்மை கால் மணி நேரம்தான் தாங்கும். வாரம் ஒருமுறை மட்டும் காண்கிற பொம்மை பிரசங்கம் முடியும்வரை தாங்கும்.

சபைக்கு முதலில் போகிறவர் நாமாகத்தான் இருப்போம், கதவு திறக்க வேண்டும், ஒலிபெருக்கி பார்க்க வேண்டும். அந்த முன்கூட்டிய ஒரு மணி நேரத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள். ஆராதனை தொடங்கும்போதே அது களைத்துவிடும். இருவரும் தனித்தனியாகப் போவது சிரமம்தான், ஆனாலும் அதுதான் லாபம்.

உட்காரும் இடம். முன்வரிசை நமக்கு என்று எழுதப்படாத சட்டம் இருக்கும். அதை மீறுங்கள். பக்கவாட்டுக் கதவுக்கு அருகில், ஒலிபெருக்கிக்குத் தூரமாக உட்காருங்கள். சத்தத்துக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: ஒரு கை நீளத் தூரத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் குழந்தையின் காதுக்கு ஆகாது. கைக்குழந்தைகளுக்கென்று காதை மூடும் உறை கிடைக்கிறது, வெட்கப்படாமல் மாட்டிவிடுங்கள். குழந்தை அழுதால் வெளியே போங்கள், அடங்கியதும் உள்ளே வாருங்கள். வெளியே போவதைத் தண்டனையாக்க வேண்டாம். விளையாட்டாகவும் ஆக்க வேண்டாம், ஆக்கினால் அடுத்த வாரம் முதல் பாட்டிலேயே அழும்.

இனி, பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒரு அரை மணி நேரம். ஆசீர்வாதம் கூறி முடிந்த பிறகு வாசலில் கைகுலுக்குகிற நேரம். இரண்டு மணி நேரம் அப்பாவைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்த குழந்தை, முடிந்ததும் ஓடுகிறது. அங்கே அவரைச் சுற்றிப் பெரியவர்களின் கால்கள். யாரோ ஒரு அம்மா அழுதுகொண்டே பேசுகிறார். அப்பா குனிந்து பார்க்கக்கூட முடியவில்லை. என் மகன் அப்படி ஒருநாள் அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்து, அவர் அனிச்சையாகக் கையைத் தட்டிவிட்டதைப் பார்த்தேன். அவன் அழவில்லை. பின்னால் போய்ச் செருப்புகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினான்.

அன்று மாலை நாங்கள் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். பேசவேண்டும் என்றால் அவன் அப்பாவின் கையில் தன் கையை வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. அப்பா அதன்மேல் தன் மற்றொரு கையை வைத்துவிடுவார், பேச்சை நிறுத்தாமலே. "நீ வந்தது தெரியும், இரு" என்று அதற்கு அர்த்தம். அந்த ஆள் பேசி முடித்ததும் அடுத்தவரிடம் திரும்பும் முன் குனிந்து அவனிடம் கேட்பார். இதை வீட்டில் நாலைந்து முறை நடித்துப் பழகினோம். இரண்டு வாரம் ஆனது. மூன்று வயதுக்குக் கீழே இது வேலை செய்யாது, அந்த வயதில் தூக்கிக்கொண்டே கைகுலுக்குங்கள்.

மதியம் சாப்பிட்டதும் எல்லாரும் தூங்குங்கள். அந்த நேரத்தில் யார் வீட்டுக்கும் போகாதீர்கள்.

போன்

சபை பெரிதோ சிறிதோ, போன் ஓயாது. எல்லா அழைப்பும் அவசரம் கிடையாது. மரணம், விபத்து, மருத்துவமனை, வீட்டில் அடிதடி, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு: இவற்றுக்கு எந்த நேரமும் எழுந்து போக வேண்டும். மற்றவை ஒரு மணி நேரம் காத்திருக்கும். ஆகவே குழந்தையின் சாப்பாடு, குளியல், படுக்கை மூன்றும் சேர்ந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு மூப்பரின் எண்ணை அவசரத்துக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் போனை அடுத்த அறையில் வையுங்கள். உண்மையான அவசரம் என்றால் அவர் ஆள் அனுப்புவார், அல்லது வீட்டின் இன்னொரு எண்ணுக்கு அழைப்பார். எங்களுக்கு முதல் வருடத்தில் அப்படி வந்தது இரண்டே முறை.

போனின் இன்னொரு பக்கம், கூட்டத்தில் குழந்தையை அடக்க அதன் கையில் கொடுப்பது. நானும் கொடுத்திருக்கிறேன், கல்லெறிய மாட்டேன். ஆனால் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்ன அளவு. வாரத்தில் மூன்று கூட்டம், ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் போன் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தாளும் மெழுகுப் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். பெஞ்சில் கொஞ்சம் கிறுக்கும், துடைத்துவிடலாம்.

எல்லாரும் தூக்குவார்கள்

சபையில் பிறந்த குழந்தைக்கு ஐம்பது சித்திகள், ஐம்பது தாத்தாக்கள். அது பெரிய பாக்கியம், நான் மனதாரச் சொல்கிறேன். அதற்குள்ளும் சில வரம்புகள் வேண்டும்.

பிறந்த முதல் சில மாதங்களில் முகத்தில் முத்தமிட விடாதீர்கள். பெரியவருக்குச் சாதாரண இருமலாய் வந்துபோகும் கக்குவான் பச்சிளங்குழந்தைக்கு உயிராபத்தாகலாம். தடுப்பூசிகளை நாள் தவறாமல் போட்டுவிடுங்கள். மருத்துவமனைச் சந்திப்பு முடிந்து வருகிற அப்பா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிய பிறகு தூக்கட்டும். குழந்தை ஓடிவரும், நிறுத்துவது கஷ்டம். எங்கள் வீட்டில் "சோப்பு, சட்டை, தூக்கு" என்று மூன்று சொல்லை அவனே கத்துவான்.

குழந்தை யார் கையில் இருந்தாலும் உங்கள் கண்ணில் பட வேண்டும். தனி அறைக்கு ஒரே ஒரு பெரியவர் கூட்டிப் போவதை அனுமதிக்காதீர்கள். குழந்தைகள் வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், திறந்த கதவு, யார் கொண்டுவந்து விட்டார்களோ அவர்களிடமே திருப்பிக் கொடுப்பது என்ற ஒழுங்கை உங்கள் சபையில் கொண்டுவாருங்கள். "நம்ம ஆளுங்கதானே" என்று யாராவது முகம் சுளிப்பார்கள். பழகிய இடத்தில், பழகிய ஆட்களிடமிருந்துதான் பெரும்பாலும் குழந்தைகளுக்குத் தீங்கு வருகிறது. ஆகவே நம்ம ஆட்களுக்கும் அதே ஒழுங்குதான்.

குழந்தை யாரிடமாவது போக மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, பழக்கமில்லாத முகத்தைப் பார்த்து அழுவதும், அம்மா அப்பா நகர்ந்தாலே கத்துவதும் வளர்ச்சியில் இயல்பானது. "ஸ்தோத்திரம் சொல்லு, கை குடு" என்று எல்லார் முன்னாலும் நெருக்குவதைவிட, நீங்கள் சொல்லுங்கள், அது பார்க்கட்டும்.

போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்

நைசாக நழுவுவது சுலபம். அழுகை காதில் விழாது. ஆனால் திரும்பிப் பார்க்கும்போது ஆள் இல்லை என்றால், அடுத்த முறை கண்ணெடுக்காமல் பிடித்துக்கொள்ளும். குனிந்து, கண்ணைப் பார்த்து, எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லுங்கள். கடிகாரம் தெரியாத வயதில் "எட்டு மணிக்கு" என்பதில் பயனில்லை. "நீ தூங்கி எழுந்ததும் நான்தான் உன்னை எழுப்புவேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் எழுப்பியே ஆக வேண்டும், இரவு ஜெபம் முடிந்து விடியற்காலை மூன்றுக்கு வந்து படுத்திருந்தாலும்.

காரணம் சொல்லும்போது ஒன்றில் மிகக் கவனம். "ஆண்டவர் வேலைக்காகத்தான் அப்பா போறார்" என்று தினமும் சொல்லிக் கேட்கிற குழந்தைக்கு, அப்பாவைப் பறிக்கிற ஆளின் பெயர் ஆண்டவர். நாங்களும் அப்படித்தான் சொல்லி வந்தோம். அவன் ஒருநாள் ஜெப நேரத்தில், "இன்னைக்கு அப்பாவைக் கூப்பிடாதீங்க, ஆமென்" என்று ஜெபித்தான். அதன்பிறகு நடப்பதை நடப்பதாகவே சொல்கிறோம்: "ஒரு தாத்தாவுக்கு உடம்பு முடியல. அவர் பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காரப் போறேன்."

போதகர் பிள்ளை என்கிற பட்டம்

மற்றப் பிள்ளைகள் தரையில் உருண்டால் குழந்தை. நம் பிள்ளை உருண்டால் "பாஸ்டர் பிள்ளையே இப்படியா?" நம் மானம் போவதால் நாமும் அதிகமாகவே அடக்குவோம். பக்கத்து வரிசைப் பிள்ளைக்கு எதைப் பொறுத்துக்கொள்வோமோ, அதை நம் பிள்ளைக்கும் பொறுத்துக்கொள்வது என்று ஒரு அளவு வைத்தால் போதும்.

அவனுடைய குறும்பையும் அழுகையையும் பிரசங்கத்தில் உவமையாக்காதீர்கள். சபை சிரிக்கும், ஆனால் கேட்கிற வயதில் அவன் உள்ளே சுருங்குவான். இந்தக் கட்டுரையில் வருவதையும் இப்போது எட்டு வயதாகிற அவனிடம் வாசித்துக் காட்டி, சரி என்ற பிறகுதான் எழுதியிருக்கிறேன். ஒன்றை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன்.

தனி நேரம், சின்ன நேரம்

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய சகோதரர்கள் ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லியின் தாய் சூசன்னா ஒரு போதகரின் மனைவி. பத்தொன்பது பிள்ளைகள் பெற்று, ஒன்பது பிள்ளைகளைச் சிறு வயதிலேயே இழந்தவர். கணவர் லண்டனில் இருந்த காலத்தில் வீட்டிலேயே ஞாயிறு மாலை கூட்டம் நடத்தினார், இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். அதைப் பற்றி 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்திலேயே, ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசுகிற வழக்கத்தையும் எழுதுகிறார். ஜானுக்கு வியாழன், சார்லஸுக்குச் சனி.

அவரோடு போட்டி போட வேண்டாம். தினம் இருபது நிமிடம், குழந்தை சொல்கிற விளையாட்டு, போன் இல்லை, பாடம் சொல்லித் தருவது இல்லை. குடும்ப ஜெபம் ஐந்து நிமிடம் போதும்: ஒரு பாட்டு, ஒரு சின்னக் கதை, குழந்தையின் ஒரு வரி ஜெபம். அரை மணி நேரம் ஆக்கினால் அதுவும் இன்னொரு கூட்டம்தான்.

நெருக்கடி வாரங்கள்

கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரம், கன்வென்ஷன் நாட்கள், அடுத்தடுத்து வரும் மரணங்கள். அப்போது தாளும் கட்டமும் பறந்துவிடும். பறக்கட்டும். இரண்டை மட்டும் விடாதீர்கள். தூங்க வைக்கிற ஆள் வீட்டாராக இருக்கட்டும், காலையில் எழும்போது அப்பாவோ அம்மாவோ முகம் காட்டட்டும். அந்த வாரம் முடிந்த அடுத்த இரண்டு நாளை முன்கூட்டியே நாட்காட்டியில் அடித்து, சபைக்கும் அறிவித்துவிடுங்கள். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த இரண்டு நாளும் நிச்சயம் நிரம்பிவிடும்.

தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும். குழந்தை மாறிக்கொண்டே இருக்கும்: இரண்டு பகல் தூக்கம் ஒன்றாகும், மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில் அதுவும் நின்றுவிடும். அது நின்றதும் எங்களுக்குச் சனிக்கிழமை மதியங்கள் காலியாயின. அப்போதிலிருந்து வீட்டுச் சந்திப்புகளில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அவனும் அப்பாவோடு போகிறான். பையை அவன்தான் தூக்குவான். எந்த வீடு என்று வெள்ளிக்கிழமை இரவு அவனே தேர்ந்தெடுப்பான். பெரும்பாலும் நாய் இருக்கிற வீடாகத்தான் இருக்கும்.